நாகலக்ஷ்மி அம்மாள் இறங்கின இடம்

கல்கத்தாவைப் பார்க்கக் கண் இருந்தால் போதும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த அறியாமையைப் போக்குவதற்காகவே தலைநகர்க் காட்சிக் கமிட்டி ஏற்பட்டது. அதற்குப் பதினோரு அங்கத்தினர்கள், நான்கு உபகமிட்டிகள், சீமையிலிருந்து தருவித்த ஒரு மோட்டார் பஸ். அந்தப் பஸ்ஸில் ஏறி, கமிட்டியின் புஸ்தகத்தில் உள்ளபடி, கமிட்டியின் ஆள் கை நீட்டும் திசையில் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். டிராமில் ஏறித் தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டு வந்தவன் எதையும் பார்த்தவனாக மாட்டான் என்று விதி ஒன்றிலேயே எழுதியிருந்தது. மதராஸ் மாகாணத்தாருக்கு மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை.

இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் ராஜாராமன். ஒரு கப்பல் கம்பெனியில் கடிதக் குமாஸ்தா, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், முத்திரை இல்லாத காகிதத்தை மனிதன் கையால் தொடக்கூடாது என்ற கொள்கை உடையவன். 1909-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் புது மனைவி நாகலக்ஷ்மியை ரயிலில் அழைத்து வந்தான். சாந்த்ராகாச்சியில் வண்டியை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் லாட் மாளிகை, மைதானம், மியூஸியம், மிதக்கும் பாலம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஹௌராவில் இறங்கினபோது கொட்டுகிற மழை. வாடகைக் குதிரை வண்டியின் பலகைகளை நான்கு பக்கமும் இறக்கிவிட்டார்கள். கங்கையின் மேலேயே போனார்கள், அவளுக்குத் தெரிந்தது பலகைதான்.

பிறகு பவானிபூரில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அவள் புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "கங்கை எப்போ?" என்றுதான் கேட்டாள். முதலில் மழை என்றான், அப்புறம் ஆபீஸ் வேலை என்றான். கமிட்டியைப் பற்றித் தலைமைக் குமாஸ்தா சொன்னபிறகு அவனுக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று. 1911 பிப்ரவரியில் தம்பதி பாஸுக்கு மனுப் போட்டான். "பாஸ் வரட்டும், எல்லாத்தையும் ஒரே நாள்லே முறையாப் பார்த்துடலாம். இப்போ அரைகுறையாப் பார்த்துட்டா அப்புறம் ருசிக்காது" என்று அவளிடம் சொன்னான். டிராம் தெருக்கோடியில் மணி அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

1912 கார்த்திகையில் அவளுக்கு எட்டு நாள் ஜுரம். கடைசி இரண்டு நாளும் வறட்டு இருமல், இரண்டிரண்டாக. அவ்வளவுதான். முப்பத்துநாலாம் நாள் பாஸ் வந்தது. சிவப்பு மை, சிங்க முத்திரை, 'ஸ்ரீ ராஜாராமன், ஸ்ரீமதி நாகலக்ஷ்மி அம்மாள்' என்று அழகான கையெழுத்து.

ராஜாராமன் பாஸைத் திருப்பிக் கொடுக்கக் கமிட்டி ஆபீஸுக்குப் போனான். அங்கே மதராஸ் பிரிவின் வழிகாட்டி திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். நாமம், கோட்டு, தலைப்பாகை, பெஹாலாவில் வீடு, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஐந்து பெண்கள்.

"ஸ்வாமி, ஆத்துக்காரி தவறிப்போயிட்டா. இன்னும் ரெண்டு மாசம் ஆகலை. இதை ரத்து பண்ணிடணும்."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரொம்ப வருத்தம். ஆனா ரத்துன்னு எழுதறதுக்குப் பதிவுப் புஸ்தகத்திலே கலம் இல்லையே ஓய்."

"செத்துப்போனவாளை எப்படி ஸ்வாமி அழைச்சுண்டு வரது?"

"சாவு முனிசிபாலிட்டி விஷயம். எங்க விஷயம் காட்சி. ரெண்டு பேர் வரோம்னு நீர் கையெழுத்துப் போட்டிருக்கீர். ஒருத்தர் வந்தா பொய் மனுன்னு ஆயிடும். பொய் மனுன்னா உம்ம கம்பெனிக்கு ரிப்போர்ட் போகணும். நான் அனுப்பமாட்டேன், ஆனா விதி அனுப்பிடும்."

"அப்போ?"

"ஸ்திரீகளுக்குத் தனிப் பெட்டி, திரை போட்டிருக்கு. ஆயாவைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கப்படாது. நான்கூடப் பார்க்கப்படாது. உள்ளே இருக்கான்னு ஆயா சொன்னா இருக்கா. நீர் பேசாம வாரும்."

தஞ்சாவூர்ப் பெண்கள் திரை போட்டுக்கொண்டு உட்காருவதில்லை என்பது கமிட்டிக்குத் தெரியாது. சுதேசி ஸ்திரீ என்றால் திரை என்று உபகமிட்டியில் இருந்த நான்கு துரைகள் முடிவு செய்திருந்தார்கள். ராஜாராமன் வெளியே வந்து வெகுநேரம் தெருவில் நின்றான். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது வாஸ்தவந்தான். அதைக் காட்டிலும் இன்னொன்று இருந்தது. பாஸில் அவள் பெயர் இருக்கிறது, அவளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுக்காரன் வேடிக்கை பார்க்கப் போகிறானே என்று நாலுபேர் சொல்வார்கள், சொல்லட்டும் என்று தை மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலையில் போய் நின்றான்.

பனி இன்னும் விலகவில்லை. பஸ்ஸின் முன்பக்கம் பதினெட்டு ஆண்களுக்குப் பெஞ்சு. பின்பக்கம் ஆளுயர மரப்பெட்டிகள் இரண்டு, முன்னால் நீலத்திரை. முதல் பெட்டியில் பாங்குக் காசாளர் ராகவேந்திரனின் மனைவி ஜகதாம்பாள் முனகிக்கொண்டே ஏறினாள். ஆயா மோக்ஷதா வெற்றிலை மென்றுகொண்டு இரண்டாம் பெட்டியருகில் வந்தாள். வெள்ளைப் புடவை கட்டின வங்காளி விதவை. ராஜாராமனின் பாஸை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால், தோளுக்குக் கொஞ்சம் கீழே பார்த்து, "ஆஸ்தே, மா, ஆஸ்தே" என்றாள். மெதுவாக, அம்மா, மெதுவாக. கையை ஏந்தி நீட்டினாள், யாரோ பிடித்துக்கொண்டு படியேறுகிற அவகாசம் நின்றாள், திரையை இழுத்துவிட்டாள். சம்பளத்துக்கு இவ்வளவு சிரத்தையாகக்கூட நடிப்பார்களா என்று ராஜாராமன் அவளையே பார்த்தான்.

திருவேங்கடம் இருபது தலை என்று எழுதிக்கொண்டார். பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது.

முதல் காட்சி லாட் மாளிகை. திருவேங்கடம் புஸ்தகத்தைப் பிரித்துக் கணீரென்று வாசித்தார். "இதோ, பாரத தேசம் முழுவதையும் ஆளும் பெரிய லாட் பிரபு இந்த மாளிகையில் வசிக்கிறார். இச்சமயம் அவர் காகிதங்களைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் எழுந்து வந்தனம் செய்யவும்."

"பெரிய லாட் டில்லிக்குப் போய் எட்டு ஒன்பது மாசம் ஆச்சே?" என்றார் ராகவேந்திரன். "தலைநகரமே போயாச்சே! இப்போ இங்கே கவர்னர்னா இருக்கார்?"

"புஸ்தகம் 1911 ஜனவரியிலே அங்கீகாரம் ஆனது. அதிலே போகலை."

"திருத்திக்கப்படாதா?"

"திருத்தத்துக்குன்னு ஒரு உபகமிட்டி உண்டு. அது டில்லிக்குப் போயிடுத்து. எழுதிக் கேட்டோம். கல்கத்தா விஷயத்தைக் கல்கத்தாவிலேயே தீர்மானிச்சுக்கணும்னு பதில் வந்தது. எழுந்திரும் ஓய், எல்லாரும் காத்துண்டிருக்கா."

எல்லோரும் எழுந்து, டில்லியில் இருக்கும் லாட் பிரபுவுக்குக் கல்கத்தாவில் வந்தனம் செய்தார்கள். வாசல் சிப்பாய் ஒருவன் இவர்களை விசித்திரமாகப் பார்த்தான். பின்னாலிருந்து மோக்ஷதாவின் குரல் கேட்டது: "ஒண்ணாம் நம்பர் மா தேக்லேன். ரெண்டாம் நம்பர் மா தேக்லேன்." அம்மா பார்த்தாயிற்று. திருவேங்கடம் இரண்டு கோடு போட்டார்.

அடுத்தது சாம்ராஜ்யத்தின் பெரிய கச்சேரி, சர்க்கார் குமாஸ்தாக்களின் ஆபீஸ். வராந்தாவில் புறாக்கள் உலாவின. கதவுகளில் பூட்டு. திருவேங்கடம் குரலைத் தாழ்த்தி வாசித்தார். "இங்கே ஆயிரத்து இருநூறு பேனாக்கள் ஓயாமல் எழுதுகின்றன. ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தால் அந்த ஒலியைக் கேட்கலாம்."

டிரைவர் என்ஜினை நிறுத்தினான். பதினெட்டு ஆண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் கேட்கிறது என்று தலையாட்டவும் செய்தார்கள். அந்த நிசப்தத்தில் ராஜாராமனுக்கு வேறொன்று கேட்டது. இருமல். வறண்ட இருமல், இரண்டு தரம். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தரம்.

அவன் திரும்பவில்லை. ஜகதாம்பாள்தான் திரைக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். "ஏன்னா, பக்கத்துப் பெட்டியிலே இருக்கறவாளுக்கு ரொம்ப இருமறதே, கொஞ்சம் தீர்த்தம் கொடுக்கச் சொல்லுங்கோளேன்! பாவம், தனியாவா வந்திருக்கா?"

"என்னோடதான் வந்திருக்கா மாமி" என்று ராஜாராமன் சொன்னான். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்னபிறகு கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மைதானத்தின் தெற்குக் கோடிக்கு வந்தார்கள். அங்கே மறைந்த மகாராணிக்குச் சலவைக்கல் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் பெரிய பள்ளமும், கற்குவியலும், மூங்கில் சாரமும். புஸ்தகம் எழுதினவர்கள், எப்படியும் முடிந்துவிடும், பிற்பாடு திருத்துவானேன் என்று முன்கூட்டியே முடித்துவிட்டிருந்தார்கள்.

"தலையை உயர்த்துங்கோ!" என்றார் திருவேங்கடம். "இருநூறு அடி உயரத்திலே வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும் இந்தக் கோபுரத்துக்கு இணை உலகத்தில் இல்லை. அதன் உச்சியிலே நிற்கும் தேவதையின் முகபாவத்தைக் கவனிக்கவும்."

பதினெட்டு தலைகள் அண்ணாந்தன. ஆகாயத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் பள்ளத்தைப் பார்த்துவிட்டார். "அங்கே பார்க்காதீர்! அது இன்னும் காட்சி ஆகலை!" என்று திருவேங்கடம் அதட்டினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை. கும்மிருட்டு" என்றாள் ஜகதாம்பாள்.

"சும்மா இரு. இங்கேயும் அப்படித்தான்" என்றார் ராகவேந்திரன்.

அவர் சற்று உரக்கவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. திருவேங்கடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. புஸ்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பரிகாசமா பண்றேள்? கேளுங்கோ. இருக்கறதைக் காட்டறதுக்கு ஒரு கமிட்டி எதுக்கு? இருக்கறது தானே தெரியுமே! போனதைப் போகலைன்னும், வராததை வந்தாச்சுன்னும் காட்டறதுக்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கறது. தலைநகர் போயிடுத்துன்னு நான் வாயாலே சொன்னா, தலைநகர்க் கமிட்டி எதுக்குன்னு நாளைக்கே கேட்பான். அஞ்சு பெண்ணை வெச்சுண்டு நான் பெஹாலாவிலே என்ன பண்றது? அதனாலே எல்லாம் இருக்கு. எல்லாரும் இருக்கா. பாருங்கோ!"

எல்லோரும் அண்ணாந்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தரம் ஒருவருக்கு அந்தத் தேவதையின் சிறகுகூடத் தெரிந்துவிட்டது.

மோக்ஷதா இரண்டாம் பெட்டியின் திரைக்குள் தலையை விட்டு ஏதோ கேட்டாள். பிறகு ராஜாராமனிடம் வந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வங்காளியில் சொன்னாள். "பாபு, மா கேட்கறாங்க. கங்கை எப்போ?"

ராஜாராமன் அவள் பக்கம் திரும்பினான். "என்ன பாஷையிலே கேட்டா?"

ஆயாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கேட்டாங்க" என்றாள். போய்விட்டாள்.

அதற்குமேல் அவன் ஒரு காட்சியையும் பார்க்கவில்லை. மியூஸியம் வந்தது, தபாலாபீஸின் கோபுரம் வந்தது, கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. இன்னும் எத்தனை காட்சி இருக்கிறது, கங்கை எத்தனையாவது என்று திருவேங்கடத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டான். கடைசி என்றார் அவர். மிதக்கும் பாலத்தின் நடுவில் நின்று ஐந்து நிமிஷம்.

பாலத்துக்குப் போனால் பாலம் இல்லை. கப்பல் போவதற்காக நடுவில் திறந்துவிட்டிருந்தார்கள். மூடுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றான் காவல்காரன்.

"சரி, கங்கை பார்த்தாச்சு" என்றார் திருவேங்கடம்.

"எங்கே ஸ்வாமி பார்த்தோம்?"

"பாலத்து நடுவிலேருந்து பார்க்கணும்னு புஸ்தகம். பாலம் இல்லை. வேற இடத்திலேருந்து பார்த்தா அது வேற கங்கை. ஸ்ட்ராண்டு ரோடு வழியாத் திரும்பறோம். படுதாவை எல்லாம் இறக்குடா! வழியிலே தப்பித் தவறி யாராவது பார்த்துவைக்கப் போறா."

பஸ்ஸின் இரு பக்கமும் கான்வாஸ் படுதா இறங்கியது. உள்ளே அரை இருட்டு. பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், படகுக்காரர்கள் கூப்பிடுகிற சத்தமும் படித்துறையில் தண்ணீர் மோதுகிற சத்தமும் கேட்டன. திருவேங்கடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "எல்லாக் காட்சிகளையும் நாங்கள் இருவரும் குறைவறப் பார்த்தோம்னு இதிலே கையெழுத்துப் போடும். அம்மாளுக்கும் சேர்த்து நீரே போடலாம். அப்புறம் ஒருத்தரும் உம்மை ஒரு வார்த்தை கேட்க முடியாது."

ராஜாராமன் பேனாவை வாங்கினான். எவ்வளவு நல்ல காகிதம்! நாகலக்ஷ்மி கல்கத்தாவைப் பார்த்தாள், கங்கையைப் பார்த்தாள் என்று சிங்க முத்திரையோடு எழுதியிருந்தது. இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டால் இனி ராத்திரிகளில் தூக்கம் வரும். அவனுக்கு அது வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது. பேனாவை மையில் தோய்த்தும்விட்டான்.

அப்போது பஸ் குலுங்கி நின்றது. துறைமுகச் சரக்கு ரயிலுக்காகக் கேட் போட்டுவிட்டார்கள். என்ஜின் அடங்கியது. பின்னால் இரண்டு தரம் இருமல்.

ராஜாராமன் எழுந்தான். "ஓய், ஓய், நடுவழியிலே இடத்தை விட்டு எழுந்திருக்கப்படாது, விதி பதினெட்டு!" என்று திருவேங்கடம் கத்தினார். அவன் காதில் விழவில்லை. பின்னால் போய் நீலத்திரையை ஒரே இழுப்பாக இழுத்தான்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு பிரம்பு நாற்காலி. அதற்கு எதிரே, ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில், அழுத்தமாக அடித்த பலகை. இரண்டு பக்கமும் பலகை. ஊசி நுழையச் சந்து இல்லை. ஸ்திரீகளை யாரும் பார்க்கக்கூடாது என்று யோசித்தவர்கள் ஸ்திரீகள் பார்ப்பார்களே என்று யோசிக்கவில்லை. ஆயா வெளியே பார்த்தால் அம்மாள் பார்த்ததாகக் கணக்கு.

அவன் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். கமிட்டியின் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. இந்தப் பெட்டியை அவனுக்கு நன்றாகத் தெரியும். பவானிபூரில் மூன்றரை வருஷம் வாடகை கொடுத்து அவளை வைத்திருந்தது இதில்தான். மனுப் போட்டவன் அவன், காத்திரு என்றவன் அவன், பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட இருந்தவனும் அவன்.

"அவ ஒண்ணும் பார்க்கலை ஸ்வாமி" என்றான். "வந்த நாள்லேருந்து ஒண்ணுமே பார்க்கலை. எழுதிக்கோங்கோ."

"அதுக்குக் கலம் இல்லையே!"

ராஜாராமன் திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டான். மறுகையைக் காலி நாற்காலிப் பக்கம் நீட்டினான். பஸ் முழுவதும் பார்க்கிறது என்பது அவனுக்குத் தெரியும். "நாகு, வா. இறங்கு" என்றான்.

மோக்ஷதா ஓடி வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் படிக்குக் கீழே போய் நின்று, கையை ஏந்தி, "ஆஸ்தே, மா, ஆஸ்தே" என்றாள்.

"ஏண்டிம்மா, கங்கைக்கா போறேள்? நானும் வரேன், இரு!" என்று முதல் பெட்டித் திரையைத் தள்ளிக்கொண்டு ஜகதாம்பாள் குதித்தாள். ராகவேந்திரன் பின்னாலேயே மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். திருவேங்கடம் மட்டும் படியில் நின்று தலைகளை எண்ணினார். எப்படி எண்ணினாலும் கணக்கு உதைத்தது.

சரக்கு ரயில் போய்த் தீர ஏழு நிமிஷம் ஆயிற்று. ராஜாராமன் படித்துறையின் கடைசிப் படியில் நின்றான். பழுப்புத் தண்ணீர், அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவனும் அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தான். ஜகதாம்பாளும் ராகவேந்திரனும் தள்ளி நின்றார்கள், அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருமலும் கேட்கவில்லை. "இதுதான்" என்று மட்டும் சொன்னான். கேட் திறந்ததும் பஸ்ஸுக்குத் திரும்பாமல் பவானிபூருக்கு நடந்தே போய்விட்டான்.

பத்தாம் நாள் கமிட்டியிலிருந்து சிவப்பு மையில் கடிதம் வந்தது. ஸ்ரீமதி நாகலக்ஷ்மி அம்மாள் பெயருக்கு.

"இரண்டாம் எண் பெட்டியில் பிரயாணம் செய்த தாங்கள், விதி பதினெட்டுக்கு மாறாக, ஸ்ட்ராண்டு ரோடு ரயில்வே கேட்டில் வண்டியை விட்டு இறங்கியதும், அங்கீகரிக்கப்படாத இடத்திலிருந்து கங்கையைப் பார்த்ததும், முழங்கால் மட்டும் ஜலத்தில் இறங்கி நின்று சிரித்ததும், மறுபடி வண்டிக்குத் திரும்பாததும் ஆயா மோக்ஷதாவின் வாக்குமூலத்தால் ருசுவாகிறது. இந்த நடத்தைக்கு ஏழு நாளைக்குள் சமாதானம் எழுதவும்."

ராஜாராமன் அதை நின்றபடியே படித்தான். உட்கார்ந்து மறுபடி படித்தான். 'சிரித்ததும்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் விக்கி விக்கி அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, முத்திரை எதுவும் இல்லாமல் பதில் எழுதினான்.

"மேற்படி அம்மாள் பேரில் குற்றம் இல்லை. மூன்றரை வருஷம் அவளை இறங்க விடாதவன் நான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை."